நேரம் தவறாத புள்ளி

“வந்துட்டான்டி! கரெக்ட் டைம்!” என்று கணினித் திரையைத் தட்டிக் கத்தினார் டைம் கீப்பர். பஸ் டெப்போவில் பார்த்த வேலை அது. ரிட்டயர் ஆன பிறகும் ஊரும் உறவும் அவரை அப்படித்தான் கூப்பிட்டன.

திரையில் தென்துருவம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது. துருவ ஆராய்ச்சிகளையெல்லாம் காட்டும் இணைய வரைபடம் அது. ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் ஒரு புள்ளி. பனியின் கனத்தை அளந்துகொண்டே போகும் மகனுக்குச் சிவப்புப் புள்ளி. அது சற்றுமுன் கடைசி முகாமைத் தொட்டிருந்தது.

மனைவி கட்டிலை விட்டு எழவில்லை. பனிப்புயலில் மகனின் போன் அடங்கிப்போன அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். தேடப் போன விமானமும் இறங்க வழியில்லாமல் திரும்பிவிட்டது.

“எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சுங்க. பெத்த வயிறு சொல்லுது.”

“வயிறு சொல்றதைக் கேப்பியா, கண்ணு முன்னாடி நகர்றதைப் பாப்பியா? புயல் அடிச்ச அன்னிக்குக்கூட அவன் நிக்கலைடி. காலையில கிளம்பறான், சாயங்காலம் டாண்ணு அடுத்த முகாம்ல போய் நிக்கறான்!”

சொல்லும்போதே அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஸ்கூலுக்கு லேட், இன்டர்வியூவுக்கு லேட், கூடப்பிறந்த அக்கா கல்யாணத்துக்கே லேட்டாக வந்த பயல். அதற்காக அவரிடம் வாங்காத திட்டில்லை. ஒருவழியாகப் பனியாவது அவனைத் திருத்தியதே என்று நினைத்துக்கொண்டார்.

பயம் அவருக்கும் இருந்தது. அந்தப் புள்ளி மட்டும் இல்லையென்றால் அவரும் அதே கட்டிலில் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

வரைபடத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். அதைப் பராமரிக்கும் அலுவலகத்துப் பெண் எடுத்தாள்.

“சிவப்புப் புள்ளியோட அப்பா பேசறேம்மா. பையன் கடைசி முகாமுக்கு வந்துட்டான். ஒரு நிமிஷம் லைன் குடுங்க. அவன் குரலைக் கேட்டாத்தான் அவங்கம்மா எழுந்து உக்காருவா.”

“வந்துட்டாரா? யார் சார் சொன்னா?”

“உங்க மேப்தாம்மா! புள்ளி அங்கேதானே நிக்குது?”

மறுமுனையில் அவள் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. மனைவி சுவரை விட்டுத் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

“சார்… சிக்னல் விட்டுப்போனா, மேப் தானாவே புள்ளியை நகர்த்திக்கிட்டுப் போகும் சார்.”

“தானாவா? எதை வெச்சும்மா நகர்த்தும்?”

“கிளம்பறதுக்கு முன்னாடி அவர் போட்டுக் குடுத்த டைம் டேபிளை வெச்சு.”