பதினான்காவது ஆள்

படத்தில் பதினான்கு பேர் என்று கணினி எண்ணி வைத்திருந்தது. 'ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம்' என்று தானாகவே ஒரு பெயரும் சூட்டியிருந்தது.

அதைத் திருத்துவதுதான் அவள் வேலை. ஒவ்வொரு ஆளையும் சுற்றிக் கட்டம் போட்டு, அவர் என்ன செய்கிறார் என்று கணினி வைத்திருக்கும் சொல்லைப் பார்த்து, தவறென்றால் பட்டியலிலிருந்து வேறு சொல்லைப் பொருத்த வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கணினி மனிதக் கூட்டத்தைப் புரிந்துகொள்ளுமாம்.

முகங்களை மறைத்துத்தான் அனுப்புவார்கள். இருந்தும் நடைமேடையில் விழுந்துகிடந்தவனை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கோடு போட்ட சட்டையை ஆஸ்பத்திரியில் மடித்து அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

அண்ணன்.

யாராவது உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எட்டு மாதமாக, முகம் தெரியாத இந்தக் கூட்டத்தை அவள் வாயாரச் சபித்துக்கொண்டிருந்தாள்.

போனைத் தூக்கிப் பிடித்திருந்தவன்: வேடிக்கை பார்ப்பவர். இடுப்பில் கை வைத்திருந்த பெண்: வேடிக்கை பார்ப்பவர்.

முட்டி போட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த ஒரு கிழவரிடம் வந்ததும் அவள் கை நின்றது. இவரையும் சேர்த்தல்லவா சபித்திருக்கிறாள்.

உதவுபவர்.

"என்னக்கா, ஒரே படத்துல உட்கார்ந்துட்டீங்க?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"ஆளுங்க ஜாஸ்திம்மா."

பதினான்காவது ஆள் ஓரத்தில் இருந்தான். விழுந்தவனைப் பார்த்துத் தலை திரும்பியிருந்தது. கால் படிக்கட்டில் ஏறியிருந்தது. விழுந்தவனின் கை அவன் பக்கமாக நீண்டிருந்தது.

இடது தோள் கொஞ்சம் இறங்கிய அந்த நிற்பை அவள் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறாள். அவன் கையிலிருந்த மஞ்சள் சாப்பாட்டுப் பையின் அறுந்த காதை, அவள்தான் கறுப்பு நூலால் தைத்திருந்தாள்.

சாவுக்கு முன் ஒரு வருடமாகவே அண்ணனுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் செய்தி வந்த அன்று, "நான் மட்டும் அங்க இருந்திருந்தா மச்சானை விட்டிருப்பேனா?" என்று சுவரில் முட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதவன் அவள் கணவன்தான்.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தாள்.

அவனுக்குக் கணினி ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தது: 'தொடர்பில்லாதவர்.'

அதை மட்டும் அவள் திருத்தவில்லை.