கோலத்தை மிதிக்காதவர்

வெள்ளிக்கிழமை ஆனால் குஞ்சிதபாதம் கோட்டுச்சேரியிலிருந்து பெங்களூர் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவார். மூன்று நாளும் அவர் மனைவி உமாமகேஸ்வரி தனக்கு மட்டும் உலை வைப்பாள். திங்கள் காலை திரும்புகிறவர் வாசல் கோலத்தை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து உள்ளே வருவார். அந்த வீட்டுக்கு அவர் காட்டிய ஒரே அக்கறை அதுதான்.

இந்தத் திங்கள் எட்டு மணியாகியும் ஆளைக் காணவில்லை. போன் செய்தாள்.

“எங்கங்க இருக்கீங்க?”

“வாசல்லதான் நிக்கிறேன். கதவத் தொற.”

அவருக்கு மூச்சு இரைத்தது.

கதவைத் திறந்தாள். வியர்வையில் நனைந்த ஒரு பழுப்புக் குதிரை நின்றிருந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை.

குதிரை தலையைக் குனிந்து கோலத்தைப் பார்த்தது. பிறகு முன்னங்காலை உயரத் தூக்கி, மாவில் படாமல், படியில் வைத்தது.