எட்டாவது பாட்டு

ஒப்பரேஷனில் மக்டலீனின் ஒரு பக்க நுரையீரலை எடுத்துவிட்டார்கள். ஐந்து கிழமை கழித்து அவள் மில்லிக்கனில் இருந்த தங்கள் வீட்டின் பேஸ்மென்றுக்கு இறங்கி, தம்பி ஜஸ்ரினிடம் மைக்கைப் போடச் சொன்னாள்.

"டொக்டர் பாட வேண்டாமெண்டவர், அக்கா."

"அவர் பாட வேண்டாம். நான் பாடுறன்."

எண்பதுகளின் இங்கிலாந்துப் பாட்டுகளில் இருவருக்கும் பைத்தியம். கீழே சிந்தசைசர் கீபோர்ட்டின் குளிர்ந்த சத்தம், அதன் மேலே நெஞ்சைப் பிழியும் சோல் இசைக் குரல். அதே மாதிரித் தமிழில் பத்துப் பாட்டுச் செய்ய நினைத்தார்கள். ஏழு முடிந்திருந்தது. அன்று எட்டாவதைப் பாடினாள்.

அடுத்த நாள் மத்தியானம் ஜஸ்ரின் பதிவைப் போட்டுக் கேட்டான். அக்காவின் குரலில் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எங்கும் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. சிந்தசைசரைத் தனியாகப் பதிந்த ட்ராக்கில் அந்தச் சத்தம் நாலு இடத்தில் இருந்தது. சிந்தசைசர் வயரால் நேரே கம்ப்யூட்டருக்குப் போவது. அதற்கு மைக்கே கிடையாது.

"அக்கா, மெஷினுக்குள்ள ஆரோ மூச்சு வாங்கிற மாதிரிக் கேக்குது. வெட்டட்டோ?"

அவள் மேலே குசினியில் பாடியபடி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவன் முதல் மூச்சை அழித்தான்.

மேலே பாட்டு அறுந்தது. கத்திச் சத்தமும் நின்றது. ஜஸ்ரின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அழித்ததைத் திரும்பப் போட்டான். மேலே, நின்ற சொல்லின் நடுவிலிருந்து பாட்டுத் தொடர்ந்தது.

மக்டலீன் கத்தியோடு பாதிப் படி இறங்கி வந்து நின்றாள்.

"உதில கை வைக்காதை," என்றாள். "எனக்கு இன்னும் ரெண்டு பாட்டு கிடக்கு."