நொச்சி விளாரும் கத்தியும்

வேடன் ஒருவன் நொச்சிப் புதரிலிருந்து நீளமான விளார் ஒன்றை வெட்டிவந்து, அம்பு செய்ய உட்கார்ந்தான். வெட்டிய விளாரைப் பட்டையோடு நிழலில் காயப்போட்ட பிறகுதான் உரிக்க வேண்டும். வேடனுக்கு அவசரம். பச்சையாகவே உரிக்கத் தொடங்கினான்.

பட்டை சுருள் சுருளாக விழ, கத்தி பேச்சுக் கொடுத்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ. தோலு போயிட்டா புதரை மறந்துடுவ. அப்புறம் விடுற இடத்துக்குப் போறதுதான் உன் வேலை."

"என்னை எங்க விடப்போறான்?" என்று கேட்டது விளார்.

"உன் புதரடியில மேயுதே கௌதாரி, அது மேலதான்."

"என் நிழல்ல குஞ்சு பொரிச்சது அது. நான் போகமாட்டேன்."

"எதிர்த்துப் பேசாத. என்னைப் பாரு, தினமும் கல்லுல தேய்க்கிறான். வாயைத் திறக்கிறேனா?"

"தேய்ஞ்சுக்கிட்டே போற. அதைப் போய் பளபளப்புன்னு நெனச்சுக்கிற."

கத்திக்கே சுருக்கென்றது.

வேடன் விளாரைத் தணலில் வாட்டினான். முழங்காலில் வைத்து அழுத்தி நிமிர்த்தினான். நுனியில் இரும்பு முனையைச் செருகி வெயிலில் போட்டான். விளாரோ, உள்ளிருந்த ஈரம் காயக் காய, தன் பழைய வளைவுக்கு மெல்லத் திரும்பியது. அவசரத்தில் வேடன் அதைக் கவனிக்கவில்லை.

மாலையில் அவன் விட்ட அம்பு பக்கவாட்டில் ஓடிப் பாறையில் மோதி விழுந்தது. கௌதாரி குஞ்சுகளோடு புதருக்குள் புகுந்துகொண்டது.

வேடன் ஆத்திரத்தோடு விளாரை அடுப்பில் செருகினான்.

"கடைசியில விறகாத்தானே போன?" என்றது கத்தி.

"விறகாத்தான் போறேன்," என்றது விளார், பற்றி எரிந்துகொண்டே. "அவன் அனுப்பின இடத்துக்குப் போகல."