நாலு மிளகாய்

“காரம் பத்தல. இன்னும் கொஞ்சம் போட்டுத் தர முடியுமா?” என்றாள் அவள். கேட்கும்போதே கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பரிமாறும் பெண் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். “அக்கா, மெனுவுலயே நாலு மிளகாய்தான் படம் போட்டிருக்கு. அஞ்சாவது போட்டா தீயணைப்பு வண்டியத்தான் கூப்பிடணும்.”

“கூப்பிடுங்க. அவங்களுக்கும் ஒரு தட்டு சொல்லிடலாம்,” என்றான் கணவன், மூக்கைத் துடைத்தபடி.

பக்கத்து மேசை சிரித்தது. அந்த உணவகத்தில் இவர்களுக்கு ‘அழுமூஞ்சி ஜோடி’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வந்துவிடுவார்கள். சமையலறையை ஒட்டிய அதே மேசை, மெனுவில் பச்சை இலை போட்ட சைவப் பக்கம், சிவந்த எண்ணெயில் மிதக்கும் அதே காளான். தன் கடைக் காரத்துக்கு இவர்களைவிட வேறு விளம்பரம் வேண்டாம் என்பார் முதலாளி.

பெண் ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகாய் விழுது கொண்டுவந்தாள்.

“இதுல மீன் சாறு இல்லையே?” என்றான் கணவன்.

“வாராவாரம் கேக்கறீங்க அண்ணே. கரண்டிகூடத் தனிதான். ஏன், வீட்ல வேற யாரும் இல்லையா? ரெண்டு பேரா அழறதுக்கு மூணு பேரா அழலாம்ல?”

“மாமனார் இருக்கார். மிளகு வாசம் பட்டாலே அவருக்கு விக்கல் வரும்,” என்றாள் அவள்.

மீன் சாறு பற்றிய கேள்வி உண்மையில் சின்னவனுடையது. அவன் கணவனின் தம்பி. கப்பலிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம், நகரத்தில் புதிதாக முளைத்த வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றுக்கும் இவர்களை இழுத்துப்போவான். “சைவம்னு சொல்லிட்டு உள்ள மீனை நீந்த விடுவாங்க அண்ணி, தோண்டித் துருவிக் கேக்கணும்” என்பான். இந்தக் கடையும் அவன் கண்டுபிடித்ததுதான். நாலு மிளகாயைத் தின்றுவிட்டு, சிரிப்பும் கண்ணீருமாக இதே மேசையைக் குத்தியிருக்கிறான்.

போன மழைக்காலத்தில் கப்பலின் சரக்கறைக்குள் தவறி விழுந்து செத்துப்போனான். அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு அண்ணன் மட்டும் அந்தத் துறைமுகத்துக்குப் போய், எல்லாவற்றையும் அங்கேயே முடித்து, தம்பியின் பெட்டியோடும் கைபேசியோடும் திரும்பினான்.

மாமனாரிடம் சொல்லவில்லை. இதய அறுவை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். சின்ன அதிர்ச்சிகூடக் கூடாது என்றிருந்தார் மருத்துவர். கொஞ்சம் தேறட்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டதில் பொய் வேர் பிடித்துவிட்டது.

அவர் கட்டில் கூடத்தில். குளியலறைக் கதவு அவர் தலைமாட்டில். படுக்கையறைக்குச் சுவர் என்று இருப்பது ஒரு பலகை. அந்த வீட்டில் ஒரு பெருமூச்சை ஒளித்துவைக்கக்கூட இடமில்லை. ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் இந்த மேசைதான்.

முதல் வாய்க்கு மிளகாய் அழவைக்கும். அதற்குப் பிறகு வருவது மிளகாயின் வேலை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் கடையின் பின்பக்கச் சந்துக்குப் போனார்கள். சமையலறைப் புகையை வெளியே தள்ளும் விசிறி அங்கே இரைந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் கேட்பவருக்கு அது கப்பல் இயந்திரம்போல் இருக்கும். அண்ணன் தம்பி குரல் அச்சு அசல் ஒன்று என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். கணவன் தம்பியின் கைபேசியை எடுத்தான்.

“அப்பா, நான்தான் சின்னவன்.”

“சாப்பிட்டியாப்பா?”

“ஆச்சுப்பா. நீங்க மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன், போட்டேன். அண்ணிகிட்ட பேசினியா?”

“அண்ணிகிட்ட... பேசிட்டேன்பா.” எதிரே நிற்கும் மனைவியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“சரிப்பா. உடம்பப் பாத்துக்கோ. ரொம்ப அலட்டிக்காத.”

கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். “முன்னெல்லாம் எப்ப வருவே, எப்ப வருவேன்னு உயிரை எடுப்பார். இப்ப கேக்கறதே இல்ல, கவனிச்சியா? அதுவரைக்கும் தப்பிச்சோம்.”

அவளுக்குத் தப்பித்தமாதிரி இல்லை. ஏன் என்று யோசிக்கத் தெம்பும் இல்லை.

வீட்டில் மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, உப்பு மட்டும் போட்ட கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ரெண்டு பேருக்கும் கண்ணு கோவைப்பழமாட்டம் இருக்கு?”

“அந்தக் கடைக் காரம் அப்படி மாமா.”

கணவன் கரகரவென்று இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்க உள்ளே போனான்.

“சின்னவன் பேசினானா மாமா?” வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

“பேசினான்மா. அவனுக்கும் தொண்டை இப்படித்தான் கரகரன்னு இருந்துச்சு.”

கஞ்சிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவள் பிடித்துக்கொண்ட பிறகும் அவர் கை கிண்ணத்தை விடவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடுத்த வாரம் என்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போம்மா.”