பெருநாள் அளவு

"உங்க சுவத்துல போட்டிருக்க அளவுக் கோடுதான் தப்பு டாக்டர்!"

சேக் பரீது போட்ட சத்தத்தில், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

ஹார்மோன் டாக்டர் மதியழகன் கோபப்படவில்லை.

"பாய், ஸ்கூல் கார்டு இங்க இருக்கு. ஏழாவது படிக்கையில உங்க பொண்ணு நாலடி அஞ்சு இஞ்ச். இப்பப் பத்தாவது. நாலடி ஆறு. மூணு வருசத்துல ஒரே ஒரு இஞ்ச்."

"நாலு இஞ்ச்! பேகம்பூர்ல இருபத்தஞ்சு வருசமா டெய்லர் கடை வச்சிருக்கேன். வருசா வருசம் நோன்புப் பெருநாளைக்கு எம்பிள்ளைக்கு நாந்தான் அளவெடுத்துத் தைக்கிறேன். தோள்லேருந்து தரை வரைக்கும் டேப்பு வச்சுப் பாத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

பக்கத்தில் இருந்த மனைவி சைனம்பு சலித்துக்கொண்டாள்.

"இதுக்குப் போயி டெஸ்டு, எக்ஸ்ரேன்னு எதுக்கு டாக்டர்? எங்க பொறந்த வீட்டுல அம்புட்டுப் பேரும் நெட்டை. இது அவுக அத்தா வாரிசு. எப்படி வளரும்?"

பரீதின் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. மனைவி சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாரிசெல்லாம் இல்லம்மா" என்றார் டாக்டர். "ரஃபியாவுக்குத் தைராய்டு வந்ததே, உடம்போட எதிர்ப்பு சக்தி அந்தச் சுரப்பியவே தாக்குனதாலதான். அந்த மாதிரி ஆளுங்கள்ல ரொம்பச் சிலருக்கு, மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரியும் கெட்டுப்போகும். வளர்ச்சி ஹார்மோன் அங்கேருந்துதான் வரணும். ரெண்டு விதமா டெஸ்ட் பண்ணிட்டோம். இவளுக்கு அது சரியாச் சுரக்கல."

"தைராய்டு மாத்திரை ஒருநாள் கூட விடலையே!" என்றார் பரீது.

"அதனாலதான் தைராய்டு நார்மலா இருக்கு. வளர அது மட்டும் போதாது. மாத்திரை கொடுத்த டாக்டர், பிள்ளை வளருதான்னு கேக்கலையா?"

"போறப்பல்லாம் கேட்டாரு. நானே அளந்து பாத்துட்டேன், நல்லா வளருதுன்னு நாந்தான் சொன்னேன்."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"எலும்பு நுனியெல்லாம் மூடிக்கிட்டு வருது பாய். இன்னும் ஒரு வருசம் கிடைச்சாலே அதிகம். தினம் ஒரு ஊசி. இந்த வாரமே ஆரம்பிச்சிருவோம், வளர்ற மட்டும் வளரட்டும். மூணு வருசம் முன்னாடியே வந்திருந்தா…"



பரீது சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து உதறினார்.

"எந்திரி ரஃபியா. போன பெருநாளைக்கு நாப்பத்தேழு. இவருக்குக் காட்டுறேன்."

ரஃபியா எழுந்து நின்றாள். பெருநாளைக்குத் தைத்த அதே கவுன், தரை வரைக்கும் தொங்கியது. தோளில் டேப்பை வைத்துப் பிடித்துக்கொண்டு, பரீது தரையில் மண்டி போட்டுக் குனிந்தார்.

நாற்பத்து நாலு.

டேப்பை இழுத்து மறுபடி வைத்தார். நாற்பத்து நாலுதான்.

கவுனின் கீழ் விளிம்பு அவர் விரலில் தடித்து நெருடியது. புரட்டினார். மூணு இஞ்ச் துணி உள்ளே மடிக்கப்பட்டு, சுற்றிலும் கைத்தையல் போட்டிருந்தது.

"இது என் தையல் இல்லையே. யாரு மடிச்சா?"

"நாந்தான்த்தா."

"ஏன்?"

ரஃபியா அம்மாவைப் பார்க்கவில்லை. மண்டியிட்டிருந்த அத்தாவின் தலையையே பார்த்தாள்.

"ஏழாவது படிக்கையில அளவு கூடலேன்னு, உங்க வாரிசுன்னு சொல்லி அம்மா உங்கள வஞ்சுச்சு. நீங்க பெருநாள் அன்னிக்குச் சோறுகூடத் திங்காம, பூட்டுன கடையத் தொறந்து உக்காந்துட்டீங்க. அதான் அடுத்த வருசத்துலேருந்து, நீங்க குனிஞ்சு அளக்கையில, பாவாடைக்குள்ள குதிகாலத் தூக்கி நின்னுக்கிட்டேன் அத்தா."