கேமராவுக்கு மட்டும் டிரைவர் இல்லை

"கேமராவுக்கு மட்டும் டிரைவர் கிடைக்கலை சார்" என்றாள் சிஸ்டம் பார்க்கும் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மேனேஜருக்குச் சுருக்கென்றது.

அவர் பிரிவு ஊழியர்களின் லேப்டாப்புக்கெல்லாம் புது ஓ.எஸ். போட்டு ஒரு வாரம் ஆகிறது. போட்ட அன்று வைஃபை இல்லை, சவுண்டு இல்லை, டச்பேடு செத்துக் கிடந்தது. ஒவ்வொன்றையும் இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடித்து எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தவள் இவள்தான். கேமராவிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லையாம்.

தலைமை அலுவலகமோ தினமும் குடைந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இனி கேமராவைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். வீட்டு மேஜையில் இல்லாத ஆளுக்கு வேலை இல்லை என்று புது உத்தரவு. திரையில் மற்றப் பிரிவுகளின் கட்டங்களில் எல்லாம் முகங்கள். இவர் பிரிவில் அத்தனை கட்டமும் கறுப்பு.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லும்மா. வெளியாளைக் கூப்பிடறேன்."

"தாராளமா கூப்பிடுங்க சார். அவருக்கும் கிடைக்காது."

என்ன திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

அவள் சாப்பிடப் போன நேரம், கீபோர்டு மாற்ற வந்த ஒரு லேப்டாப் அவள் மேஜையில் இருந்தது. மேனேஜர் உட்கார்ந்தார். அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை, தயாரித்த கம்பெனியின் தளத்தில் தட்டினார். முதல் வரியிலேயே கேமரா டிரைவர் பல்லைக் காட்டியது. இறக்கி, ஏற்றி, ஒருமுறை அணைத்துப் போட்டார். கேமரா ஓரத்தில் விளக்கு எரிந்தது. திரையில் அவர் முகமே அவரை முறைத்தது.

அவள் கை துடைத்தபடி வந்து நின்றாள். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவள் அசரவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கிடைக்காம இல்ல சார். நான்தான் போடலை. எதுலயும் போடலை."

வேண்டுமென்றே செய்ததைக் கூசாமல் சொல்கிறாளே. இன்றோடு உன் சீட்டைக் கிழிக்கிறேன் என்றார் மேனேஜர்.

"கிழிங்க சார். அதுக்கு முன்னாடி, நம்ம புயல் எங்க உட்கார்ந்து வேலை பார்க்கறார்னு கேட்டுக்கோங்க."

புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் புயலை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே மேனேஜர்தான்.

"ஆஸ்பத்திரியில சார். அவர் சம்சாரம் எழுந்திருக்க முடியாமக் கிடக்கறாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து, மடியில லேப்டாப்பை வச்சுத்தான் உங்ககிட்ட சபாஷ் வாங்கிட்டிருக்கார்."

லீவெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டதாம். வேலை போனால் அதோடு மருத்துவக் காப்பீடும் போய்விடும். தன் கேமராவை மட்டும் ஏதாவது செய்துவிடு தாயி என்று அவளிடம் கெஞ்சியிருக்கிறார்.

"அவர் கட்டம் மட்டும் கறுப்பா இருந்தா உடனே கண்ணுல படும். அதான் எல்லாத்தையும் சேர்த்தே இருட்டாக்கிட்டேன். பொய் சொன்னது தப்புதான். ஆனா என் கையால அந்த டிரைவரைப் போட மாட்டேன்."

பக்கத்து அறையில் மேனேஜரின் லேப்டாப் ஒலித்தது. தலைமை அலுவலகத்தின் வீடியோ அழைப்பு. விறுவிறுவென்று எழுந்து போனார். வேலை போனது போனதுதான் என்று அவளும் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

கேமரா விவகாரம் என்ன ஆயிற்று என்று எடுத்த எடுப்பில் கேட்டார் திரையில் இருந்த பெரியவர்.

"நானே உட்கார்ந்து பார்த்துட்டேன் சார். புது ஓ.எஸ். போட்டா இந்த மாடல்ல கேமரா வேலை செய்யாது."

"அப்படியா? உங்க மூஞ்சி மட்டும் பளிச்சுனு தெரியுதே?"

மேனேஜர் கேமராவை நேருக்கு நேர் பார்த்தார்.

"என்னோடதுக்கு இன்னும் புது ஓ.எஸ். போடலை சார். சாயந்திரம் போடச் சொல்லியிருக்கேன்."